காட்டை நாடாக்கிய கதையில் விடுபட்டவை

மலேசியத் தமிழர் மேடைகளில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “நம் முன்னோர் காட்டை நாடாக்கினார்கள்.” சொன்னதும் கைதட்டல் விழும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதை பாதியில் நின்றுவிடுகிறது. எந்தக் காடு? வெட்டிய பிறகு அங்கே ஓடிய தண்ணீர் எந்தப் பக்கம் போனது? மழையில் கரைந்த மண் எங்கே போய்ப் படிந்தது? வெட்டியவர்களை அந்தக் காடு சும்மா விட்டதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஆதாரம் தேடும் துறைக்குச் சூழலியல் வரலாறு என்று பெயர். கோலாலம்பூரில் வாழ்கிற நமக்கு இது பல்கலைக்கழகத்தோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. சாயங்கால மழை ஒன்று வலுத்தால் சாலையில் கார் மிதக்கிற ஊரில் இருக்கிறோம்.

வழக்கமான வரலாற்றில் மனிதர்கள் நடிப்பார்கள், இயற்கை பின்னால் தொங்கும் நாடகத் திரை. இந்தத் துறையில் திரையும் இறங்கி வந்து நடிக்கும். கொசுவுக்கும் பூஞ்சைக்கும் மழைக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் வேஷம் உண்டு. இதில் இரண்டு பக்கமும் வழுக்கும். எல்லாவற்றையும் தட்பவெப்பமே தீர்மானித்தது என்று சொல்லிவிடுவது ஒரு பக்கம். மனிதன் பேராசைப்பட்டான், இயற்கை அழிந்தது என்று முடித்துவிடுவது மறுபக்கம். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த மனிதன், யாருடைய பணம், யாருடைய கை என்று அது சொல்லாது. என்னைக் கேட்டால், மனிதனும் மண்ணும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் வேலைதான். மரம் வெட்டுவது, மண் தோண்டுவது, களையெடுப்பது, வாய்க்கால் வெட்டுவது. மலாயாவில் அந்த வேலையில் பெரும்பங்கு தமிழர் செய்தது. அதனால் இந்த நாட்டின் சூழலியல் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் தோட்டத்து லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், நுழையாமல் எழுத முடியாது.

துறையாக இதற்குப் பெயர் கிடைத்தது 1970களில், அமெரிக்காவில். இந்தியாவில் மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் காடுகளை வைத்து இதை வளர்த்தார்கள். கேள்வி மட்டும் அதைவிட மிகப் பழசு. 1848லேயே பினாங்கில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞர், மலைக்காடுகளை இப்படியே அழித்துக்கொண்டு போனால் தீவின் தட்பவெப்பம் என்ன ஆகும் என்று தாம் நடத்திய ஆய்விதழில் எழுதினார். மலைச்சரிவுகளை மொட்டையாக்கி ஜாதிக்காயும் கிராம்பும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜார்ஜ் டவுனுக்கும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் குடிநீர் வந்தது, நாம் தண்ணீர்மலை என்று சொல்கிற அருவிப் பக்கத்திலிருந்து. மேலே மரம் போனால் கீழே தண்ணீர் போகும் என்பது அவர் கவலை. கொஞ்ச காலத்தில் ஜாதிக்காய் நோய் விழுந்து, 1860 வாக்கில் தோட்டங்களே படுத்துவிட்டன. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு அருகில் லோகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது மரங்கள் இல்லை, ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காக அவர் வாதாடியது.

சரி, கோலாலம்பூருக்கு வருவோம்.

இந்த ஊர் பிறந்ததே ஈயத்தால், அதாவது வெள்ளீயத்தால். மலைத்தொடரின் கருங்கல் பல கோடி ஆண்டுகளாகச் சிதைந்து, அதிலிருந்த ஈயத் தாது ஆறுகளோடு இறங்கிப் பள்ளத்தாக்கில் படிந்தது. ஈயம் கனமானது. பள்ளத்தாக்குக்கு அடியில் கிடப்பதோ சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து அரித்துக் குழியும் கூம்புமாக ஆகிப்போன பாறை. பத்துமலையில் வெளியே நிமிர்ந்து நிற்கும் அதே வகைப் பாறைதான் ஊருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அந்தக் குழிகளில் ஈயம் மாட்டிக்கொண்டது. 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றில் மேலேறி வந்து அம்பாங் பக்கம் காட்டை வெட்டித் தோண்டினார்கள். ஒரு மாதத்தில் 18 பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஏன் என்பதை அடுத்த நூற்றாண்டில் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த விஷயத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அந்தக் கதை பின்னால் வரும்.

அவர்கள் நுழைந்தது ஆளில்லாத காடும் இல்லை. தெமுவான் பூர்வகுடிகள் அங்கே வாழ்ந்தார்கள். கெட்டாப் பிசின், பிரம்பு, தமார் பிசின் எல்லாம் அவர்கள் கை வழியாகத்தான் வியாபாரிகளுக்குப் போயின. அதில் கெட்டாப் பிசின் கதை தனி. கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட ஆரம்பித்தபோது, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் கம்பியைப் போர்த்த உலகத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல பொருள் அதுதான். ரப்பர்ப் பால்மரம் மாதிரி கீறிப் பால் எடுக்க அது தோதுப்படாது. மரத்தையே சாய்த்தால்தான் பிசின் கிடைக்கும். லண்டனுக்கும் பம்பாய்க்கும் ஒரே நாளில் செய்தி போக, மலாயாவிலும் போர்னியோவிலும் லட்சக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ரப்பர் என்ற பேச்சு வருவதற்கு முன்பே உலகச் சந்தை இந்தக் காட்டுக்குள் வந்துவிட்டது.

ஈயத்துக்குத் திரும்புவோம். ஈயச் சுரங்கம் என்றால் நிலத்துக்கடியில் போகிற சுரங்கம் என்று நினைக்கக்கூடாது. மேல் மண்ணை அப்படியே வாரி எடுத்து, நீளமான மரத்தொட்டியில் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். கனமான ஈயம் அடியில் தங்கும். மணலும் சேறும் தண்ணீரோடு போய்விடும். தோண்டியதில் ஈயம் ஒரு துளி, மிச்சமெல்லாம் கழிவு. போகும் இடம் ஆறு. இதோடு தாதுவை உருக்க மரக்கரி வேண்டும். வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து வெட்டினால்தான் நல்ல கரி. ஆக ஒரே தொழில் இரண்டு வகையில் ஆற்றை அடித்தது. மேலே மரத்தை எடுத்தது, கீழே மண்ணைக் கொட்டியது. ஆற்றின் படுகை மேலேறினால் மழை அதே அளவு பெய்தாலும் தண்ணீர் கரை தாண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கோலாலம்பூர் வெள்ளங்களில் பாதி புரிந்துவிடும்.

இதற்குச் சாட்சியாக ஒரு முழு ஊரே இருக்கிறது. கிள்ளான் ஆற்றில் இல்லை, பக்கத்து ஆறான சிலாங்கூர் ஆற்றில். அங்கிருந்த கோல குபு 1883இல் ஒரு பழைய அணை உடைந்து மூழ்கியது. அப்புறமும் ஊர் எழுந்தது. ஆனால் மேலே உள்ள ஈயச் சுரங்கங்களின் மணல் வந்து வந்து ஆற்றின் படுகையை உயர்த்திக்கொண்டே போனது. வெள்ளம் வராத வருஷம் அபூர்வம் என்று ஆனது. கடைசியில் அரசாங்கம் கையை விரித்துவிட்டு, 1930 வாக்கில் மேட்டில் புது ஊர் கட்டி ஜனங்களை மாற்றியது. இன்று வார இறுதியில் மலையேறவும் சாப்பிடவும் நாம் போகும் கோல குபு பாரு அதுதான். அங்கே சாலைகள் அழகாகத் திட்டமிட்டிருப்பதைப் பலரும் பாராட்டுவார்கள். ஒரு ஊரைச் சுரங்க மணல் தின்றதால் வந்த அழகு அது.

கோலாலம்பூர் அப்படி இடம் மாறவில்லை, உடம்பை மாற்றிக்கொண்டது. 1881 ஜனவரியில் தீ வந்து அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளைத் தின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். அடுத்த வருஷம் ரெசிடெண்டாக (ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி) வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார். அந்தச் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிச் சூளை போட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில் வந்து, ரயில்வே குடியிருப்புகள் வந்து, யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியத் தமிழரும் அங்கே நிறைந்தார்கள். இன்று நாம் வாழையிலையில் சோறு சாப்பிடும் அந்தத் தெருக்களுக்கு அடியில் இருப்பது பழைய களிமண் நிலம்.

இனி ரப்பர். இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம். அதில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன, சில கோல கங்சாரில் நடப்பட்டன. இருபது வருஷம் யாரும் சீண்டவில்லை. தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பெரிசு. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று ஆள் பார்த்து ஆள் சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பைத்தியக்காரன் என்றே பட்டம். 1890களில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது, இங்கே பூச்சியும் சேர்ந்துகொண்டது. அதே சமயம் சைக்கிள், அப்புறம் மோட்டார் கார். 1920கள் வரும்போது உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவில் விளைந்தது.

சொந்த ஊரான பிரேசிலில் ஏன் விளையவில்லை? அங்கேயும் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஹென்றி ஃபோர்டு 1928இல் அமேசான் காட்டுக்குள் ஒரு ஊரையே கட்டினார். ரப்பர் மரம் காட்டில் அங்கொன்று இங்கொன்றாகத் தள்ளித் தள்ளி நின்றால் பிழைக்கும். வரிசையாக நெருக்கி நட்டால் அங்கே உள்ள ஒரு பூஞ்சை இலை இலையாகத் தாவித் தோட்டத்தையே மொட்டையாக்கிவிடும். விக்காம் விதை கொண்டுவந்தபோது அந்தப் பூஞ்சை கூட வரவில்லை. மலாயாவின் செல்வம் முழுக்க ஒரு நோய் கப்பல் ஏறாததன்மேல் நின்றது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. இன்றுவரை அது ஆசியாவுக்கு வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து செடி கொண்டுவருவதற்கு இவ்வளவு கெடுபிடி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூஞ்சை வரவில்லை. ஆனால் ஆட்கள் வர வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி 1910இல் முடிவுக்கு வந்தது. ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை அதைத் தாண்டியும் ஓடியது. திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று வறண்ட பூமியிலிருந்து வந்தவர்கள் ஈரக் காட்டுக்குள் இறங்கினார்கள். இங்கேதான் மேலே சொன்ன மருத்துவர் வருகிறார்.

மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்றார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த செப்டம்பரில் புதுத் துறைமுகமான போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறந்ததும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், வேலையாட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்பை வடிய வைத்து, சுற்றியிருந்த காட்டை வெட்டச் சொன்னார். காய்ச்சல் இறங்கியது. கடலோரச் சமவெளியில் இதே வைத்தியம் திரும்பத் திரும்பப் பலித்தது. வடிகால் வெட்டு, காட்டை அழி, காய்ச்சல் போகும். எல்லாருக்கும் பிடித்த முடிவு. தோட்ட முதலாளிக்கும் காடு போனால் லாபம்தானே.

பிறகு ரப்பர் மேட்டு நிலத்துக்கு ஏறியது. அங்கே அதே வைத்தியம் ஆளைக் கொன்றது. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. இடுக்குகளில் ஓடிய ஓடைகளைத் துப்புரவு செய்தால் இன்னும் மோசம். வாட்சன் உட்கார்ந்து கொசுக்களைப் பிரித்துப் பார்த்தார். சமவெளிச் சதுப்புக் காட்டில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். அதற்கு நிழலும் தேங்கிய தண்ணீரும் வேண்டும். மேட்டு நிலத்தில் பரப்பியது அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். அதற்கு வேண்டியது நேர்மாறாக, வெயில் படுகிற தெளிந்த ஓடைத் தண்ணீர். மரநிழலில் இருந்தவரை அந்த ஓடைகளில் அது பெருகவில்லை. கோடரி விழுந்து வெயில் உள்ளே வந்ததும் பெருகியது. அதாவது அந்தக் காய்ச்சலைக் காடு தரவில்லை, காட்டை வெட்டிய வேலை தந்தது. 1857இல் அம்பாங் மலையடிவாரத்தில் செத்தவர்களையும் இதை வைத்து யோசித்துப் பார்க்கலாம். ஓடைக்கரையில் மரத்தைச் சாய்த்து வெயிலை இறக்கிவிட்டு, அங்கேயே குடிசை போட்டுப் படுத்தவர்கள் அவர்கள்.

துரைமார் பங்களா மேட்டில் இருக்கும். லயம் பெரும்பாலும் தண்ணீர் வசதிக்காக ஓடைப் பக்கம். மேக்குலேட்டஸ் ரொம்ப தூரம் பறந்துபோய்க் கடிக்கிற ஜாதி இல்லை. யார் சாவார் என்பதை வீடு கட்டிய இடமே பாதி முடிவு செய்தது. காய்ச்சலில் படுத்தவருக்கு அன்றைய கூலி கிடையாது. தோட்டத்துக் கணக்கரான கிராணி பேரை அடித்துவிடுவார்.

வாட்சனின் அடுத்த வைத்தியம்தான் தோட்டத்து வாழ்க்கையில் ஒட்டிக்கொண்டது. ஓடைகளை மண்குழாயில் அடைத்துப் பூமிக்கடியில் விட்டார்கள். தண்ணீர் வெயிலையே பார்க்காது. அது முடியாத இடத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏழு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்ப் படலம் விழுந்தால் புழு மூச்சுவிட மேலே வந்து செத்துப்போகும். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ஏறுவதே ஒரு ஆளுக்கு முழுநேர வேலை. காலைப் பிரட்டில், அதாவது ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும்போது, கொயினா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து, கண் முன்னாலேயே விழுங்க வைப்பார்கள். அந்தக் கசப்பைப் பற்றிப் பேசாத பழைய தோட்டத்து ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

இதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. தோட்டத்தில் புல் பூண்டு ஒன்றும் இருக்கக்கூடாது என்று துரைமார் வைத்திருந்த சட்டம். களை என்றால் அவமானம். தரை மொட்டையாக, சிவப்பாக, கூட்டிவிட்ட முற்றமாக இருந்தால்தான் நல்ல தோட்டம். அதற்கென்றே களையெடுப்புக் கூட்டம், பெரும்பாலும் பெண்கள். கோலாலம்பூர் பக்கம் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதுவும் சொட்டுச் சொட்டாகப் பெய்யாது, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். சரிவில் மூடாக்கு இல்லாத மண் அதைத் தாங்குமா? சில வருஷங்களில் மேல் மண் இறங்கி ஆற்றுக்குப் போய்விட்டது. ஈயம் ஏற்கெனவே நிரப்பியிருந்த ஆற்றில் ரப்பர் தோட்டத்து மண்ணும் சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், களையை அவ்வளவாக எடுக்கவில்லை. மரத்தையும் நெருக்கமாக நட்டார்கள். அதிகாரிகள் அதைச் சோம்பேறித்தனம் என்று குறிப்பெழுதினார்கள். மண் தங்கியது அவர்கள் தோட்டத்தில்தான். பிற்பாடு விஞ்ஞானிகளே, தரையை மூடிப் படரும் பயற்றங்கொடிகளை நடுங்கள், சரிவில் வரப்பு போடுங்கள் என்று சொன்னபோது, பெரிய தோட்டங்கள் பணம் கொடுத்து அதே ‘சோம்பேறித்தனத்தை’ வாங்கிக்கொண்டன. இன்று செம்பனைத் தோட்டத்தில் அடியில் படர்ந்திருக்கும் கொடி அந்தப் பாடத்தின் மிச்சம்.

செம்பனை என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாமாயில் தரும் மேற்கு ஆப்பிரிக்க மரம் அது. இங்கே வணிகத் தோட்டமாக முதலில் போட்டது 1917இல், கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் எஸ்டேட்டில். மரம் வந்தது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு வரவில்லை. அதனால் பெருந்தோட்டங்களில் மனிதக் கைதான் மகரந்தம் சேர்த்தது. ஆண் பூவிலிருந்து பொடியை எடுத்து, முகப்பூச்சுத் தூளில் கலந்து, பெண் பூக்குலையில் ஊதிவிட வேண்டும். பனை மட்டையின் முள்ளுக்குள் கையை நுழைத்துச் செய்கிற வேலை. 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் அந்த வேலையே இல்லாமல் போனது. காய்ப்பும் கூடியது. ஒரு பூச்சி வந்ததும் ஒரு கூட்டத்தின் கூலி போனது என்பது பொருளாதார வரலாறா, இயற்கை வரலாறா? பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் இப்படி ஒரு துறை தேவைப்படுகிறது.

எல்லாம் ஒருவழிப் பாதை என்றும் இல்லை. கெப்போங்கில் உள்ள காட்டு ஆராய்ச்சிக் கழகத்துக்கு, ஃபிரிம் என்று எல்லாரும் சொல்வது, போயிருப்பீர்கள். அண்ணாந்து பார்த்தால் கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் வெள்ளிக்கோடாக வானம் தெரியும். ஆதிகாலத்துக் காடு என்றே தோன்றும். 1920களில் அந்த இடம் ஈயம் தோண்டி முடித்த பொட்டல், பக்கத்தில் காய்கறித் தோட்டங்கள். வரிசை வரிசையாகக் கன்று நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நட்ட காட்டுக்கு அந்த மரியாதை கிடைத்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் ‘பார்த்தீர்களா, காட்டைத் திரும்ப உண்டாக்கிவிடலாம்’ என்று வீடமைப்பு விளம்பரத்துக்கு இதைப் பயன்படுத்துவதை ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு நூறு வருஷக் கவனிப்பும், விலை பேசாமல் விட்ட நிலமும் எத்தனை மேம்பாட்டாளரிடம் இருக்கிறது?

இப்போது வெள்ளத்துக்கு வரலாம். 1926 கடைசியில் மலாயா முழுக்கப் பெருவெள்ளம், கோலாலம்பூரும் மூழ்கியது. 1971 ஜனவரியில் மறுபடி, தலைநகரில் 32 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பெய்த மழை மாறியதைவிட நிலம் மாறியது அதிகம். ஈயக் குட்டைகள் பல தூர்ந்து வீடாகிவிட்டன. ஆற்றங்கரைகளில் கம்பங்களும் (மலாய் கிராமங்கள்) புறம்போக்கு வீடுகளும் நெருங்கின. 1971க்குப் பிறகு ஆற்றை நேராக்கி, ஆழப்படுத்தி, கான்கிரீட் கரை கட்டினார்கள். ஆற்றை நேராக்கினால் தண்ணீர் வேகமாகப் போகும். போய்ச் சேருகிற இடத்திலும் வேகமாகவே சேரும். மேலே உள்ளவர் தப்பித்தால் கீழே உள்ளவருக்கு அது போகிறது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதில் ஒரு பகுதி கார் போகும் சாலை, பெருமழையில் முழுக்க வெள்ளம் போகும் குழாய். பொறியியலாக அபாரம். இங்கேயும் பழைய ஈயம் விடவில்லை: நகரின் வெள்ளநீர்த் தேக்கக் குளங்களில் பல, கைவிட்ட ஈயக் குட்டைகள்தான். ஆற்றைக் கெடுத்த தொழில் விட்டுப்போன பள்ளம் இப்போது ஆற்றைக் காப்பாற்றுகிறது. அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையும் தன் பங்குக்குப் பேசிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோனாஸ் கோபுரங்கள் கட்டும்போது பாறையின் போக்கைப் பார்த்துவிட்டு இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

2021 டிசம்பரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. நாடு முழுக்க 50க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இரண்டாவது மாடிக்கு ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தவர்களில் நம்மவர்களும் நிறைய. அது கிள்ளான் ஆற்றங்கரையில் தாழ்ந்து கிடக்கிற இடம். இனி இப்படி மழை வருவது கூடும், அதற்குப் பருவநிலை மாற்றம் பொறுப்பு. ஆனால் வெள்ளம் என்பது மழை மட்டும் இல்லை. அந்தத் தண்ணீர் தங்குவதற்கு முன்பு எந்த நிலம் இருந்தது என்பதும் சேர்ந்ததுதான் வெள்ளம். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த ஐம்பது வருஷத்தில் வீடானது பெரும்பாலும் தோட்ட நிலம். சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்ட் எஸ்டேட். அப்படி எத்தனையோ தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள். தோட்டத்துக்காரன் நிலத்தின் ஓட்டத்தை அறிந்து வெட்டிய வாய்க்கால்களை மூடி, தார் போட்டு, பள்ளத்தில்கூட வீடு கட்டி விற்றார்கள். அதில் தோட்டம் போய், அடுக்குமாடியில் குறைந்த விலை வீடு வாங்கியவர்கள், பழைய தோட்டத்து ஆட்களே.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே கிடைக்கும்? தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகள், மருத்துவமனைக் கணக்குகள், நில வரைபடங்கள், மழை அளவுப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் சாவு எண்ணிக்கை இருக்கும், ஏக்கர் இருக்கும், விளைச்சல் இருக்கும். எழுதியவர்கள் துரைமாரும் அதிகாரிகளும் என்பதால் ஓடையில் இறங்கியவர் கண்டது அதில் வராது. எந்தச் சரிவில் மண் முதலில் இளகும், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பிறகு நாலு நாள் தண்ணீர் நிற்கும், எந்த மரத்தடியில் ஊற்று என்பதெல்லாம் பால் வெட்டியவருக்கும், களையெடுத்தவருக்கும், வாராவாரம் எண்ணெய் தெளித்தவருக்கும்தான் தெரியும். மலேசியாவில் தோட்டத் தமிழர் பற்றி எழுதுகிறவர்கள் கூலி, சங்கம், கோயில், பள்ளிக்கூடம் என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி அந்த அளவுக்குக் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய தோட்டத்துப் பெரியவர் இருந்தால், அவர் வேலை செய்த தீம்பாரில் (ரப்பர் காட்டில்) வாய்க்கால் எப்படி ஓடியது, லயம் எந்தப் பக்கம் இருந்தது, வெள்ளம் எந்த வருஷம் எதுவரை ஏறியது என்று கேட்டு, இன்றைய தாமான் வரைபடத்தின்மேல் குறித்து வையுங்கள். நகராண்மைக் கழகம் வடிகால் திட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் நாளில், கையில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.